தறிக்கூடத்தில் ஒரு கார் ரேஸ்

பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய ஆறு அத்தைகளும் எண்பது புடவையைப் பார்த்துவிட்டு, "முதல்ல காட்டினீங்களே, அதை எடுங்க" என்றாலும் என் முகத்தில் சிரிப்பு மாறாது. இந்தப் பொறுமையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு சனிக்கிழமைக் காலையில், டீவித் திரையில் வந்த ஒற்றை வரியில் அது தீர்ந்துபோனது. குரல் இணைப்பு கிடைக்கவில்லையாம்.

என் மகள் கனடாவில் படிக்கிறாள். சனிக்கிழமை காலை எட்டரைக்கு (அவளுக்கு அது வெள்ளிக்கிழமை ராத்திரி) அவள் அங்கிருந்தும், நான் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் மாடியிலிருந்தும் கேம் பெட்டியில் கார் ரேஸ் ஓட்டுவோம். அதாவது அவள் ஓட்டுவாள், நான் சுவரில் மோதுவேன். ரேஸ் ஒரு சாக்குதான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் பேசலாம். போனில் பேசக் கூடாதா என்றால், எங்கள் வீட்டில் போன் என்பது ஸ்பீக்கர். அவள் வாயைத் திறக்கும் முன் அவள் அம்மா "சாப்ட்டியா, தலைக்கு எண்ணெய் வெச்சியா" என்று ஆரம்பிப்பாள். கீழ்வீட்டிலிருந்து அண்ணியும் வந்து சேர்ந்துகொள்வார். மகள் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேன்" என்பாள். நிஜமாக எப்படி இருக்கிறாள் என்பது ரேஸின் இரண்டாவது சுற்றில்தான் வெளியே வரும்.

முந்தைய நாள் எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அப்பா, நாளைக்குக் கட்டாயம் வா. ஒண்ணு சொல்லணும். போன்ல வேணாம்."

அதன் பிறகு என் தலைக்குள் ஓடிய படங்கள் பல. ஆஸ்பத்திரி. விசா ஆபீஸ். பனியில் மாலையோடு நிற்கும் ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை. அந்தக் காட்சியில் பக்கத்திலேயே நான் பட்டு வேட்டியில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது இணைப்பு இல்லை. காரணமும் நானேதான். இன்டர்நெட் லைன் கீழே அண்ணனின் தறிக்கூடத்து ரவுட்டருக்கு வருகிறது. மாடிக்கு சிக்னல் ஏறவில்லை என்று அந்த வாரம்தான் இன்னொரு ரவுட்டர் வாங்கி நானே மாட்டினேன். அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். போன், டீவி எல்லாம் பறந்தன. கேமில் குரல் மட்டும் வரவில்லை.

ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஊதினேன். கனடா எந்தத் திசை என்று பார்த்து ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினேன். ரீசெட் துளைக்குள் குத்துவதற்காக அலமாரியைக் குடைந்தேன்.

"என்னத்த தேடறீங்க?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"ஊக்கு."

"கிழிஞ்சிச்சா?"

"இன்னும் இல்ல."

கடைசியில் லைன் பார்க்கிறவருக்குப் போன் போட்டேன். அவருக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"ணா, சாமி வருது. குடை இடிக்காம ஒயரெல்லாம் கம்புல தூக்கிப் பிடிச்சிக்கினு நிக்கறேன். சீக்கிரம் சொல்லுங்க."

சொன்னேன்.

"மேல இருக்கறதும் ரவுட்டராவே வேலை செய்யுதா? ஒரு வூட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன் வெச்சா எப்படிணா? கீழ இருக்கறவன் உள்ள வுடுவான். மேல இருக்கறவன், நீ யாருன்னே தெரியாதுன்னு திருப்பி அனுப்பிடுவான். சாயந்தரம் வந்து செட்டிங்க மாத்தறேன். இப்போ அவசரம்னா கேம் பெட்டிய நேரா கீழ ரவுட்டர்ல சொருகுங்க. ஊக்கு கீக்கு எதுவும் எடுக்காதீங்க."

அந்த மனிதருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

டீவியைப் போர்வையில் சுற்றி இடுப்பிலும், கேம் பெட்டியைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். அண்ணன் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அண்ணி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து புடவைக் கரைக்கான நூல் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, வூட்டக் காலி பண்றியா?" என்றார் அண்ணன்.

"இல்லணா, கார் ஓட்டப் போறேன்."

"ஓட்டு, ஓட்டு. தறி மேல ஏத்தாத."

முக்காலியில் டீவியை வைத்து, கேம் பெட்டியின் ஒயரை ரவுட்டரில் சொருகினேன். அரை நிமிடத்தில் காதுக்குள் மகளின் குரல் வந்தது.

"அப்பா, கேக்குதா? இன்னா அங்க சத்தம்?"

"உங்க பெரியப்பா."

முதல் சுற்றில் அவளும் என்னைப் போலவே சுவரில் மோதினாள். இரண்டாவது சுற்றில் மெதுவாகச் சொன்னாள். "ஒரு சப்ஜெக்ட் போச்சுப்பா. அம்மாகிட்ட சொல்லாத. எனக்கு இங்க இருக்கவே தகுதி இல்லியோன்னு இருக்குது." (இதை அவளே பிற்பாடு அம்மாவிடம் சொல்லிவிட்டதால்தான் இங்கே எழுதுகிறேன்.)

முதலில் நிம்மதி. ஆஸ்பத்திரி இல்லை, மாப்பிள்ளை இல்லை. பிறகுதான் அவள் குரல் உடைந்திருந்தது உறைத்தது. உடனே ஆறுதல் சொல்ல வேண்டும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் நான்கு காதுகள். "ஃபெயில்தானே" என்று நான் வாயைத் திறந்தால், சாமி வீதி சுற்றி முடிப்பதற்குள் சேதியும் சுற்றி முடித்துவிடும். அவள் கதையைச் சொல்லக் கூடாது. என் கதையைச் சொல்லலாம்.

"எனக்கு காலேஜ்ல மூணு அரியர் இருந்துச்சு, தெரியுமா?" என்றேன்.

தறிச் சத்தம் நின்றது.

"மூணு இல்லடா, நாலு," என்றார் அண்ணன். "நாலாவதுக்கு நான்தான சைக்கிள்ல கூட்டிக்கினு போனேன். பின்னால குந்திக்கினு வழியெல்லாம் அழுதே."

மைக் வழியாக அது கனடா வரை போய்விட்டது.

"அழுதியாப்பா?"

"கண்ல தூசி."

"நாலு பேப்பருக்குமா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு அரியர் சேர்த்துச் சொல்லியிருப்பேன். "சரிப்பா, மறுபடியும் எழுதறேன்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். வாசற்படியில் காபி டம்ளரோடு மனைவி நின்றிருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று, ஒரே மூச்சில் பாஸ் பண்ணினேன் என்று இவளிடம் நானே சொல்லியிருந்தேன். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் இவள் மகளிடம் சொல்வது, "உங்கப்பா மாதிரி ஒரே மூச்சுல பாஸ் பண்ணு."

"நாலா?" என்றாள்.

அண்ணன் அவசரமாக நெய்ய ஆரம்பித்தார். திரையில் என் கார் தலைகீழாகக் கிடந்தது.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்மா. உங்கம்மா டம்ளர கீழ வெச்சிட்டா. நீ சீக்கிரம் ஓட்டி முடி."