ஏறக்கூடாத பேருந்து

இன்று புதிய பணியில் எனக்கு முதல் நாள். அலுவலகம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில்.

காலையில் புக்கிட் மேரா நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஜூரோங் செல்லும், என் பழைய நிறுவனத்தின் ஊழியர் பேருந்து வந்தது. பல்லாண்டுப் பழக்கத்தில் கை தானாகவே உயர்ந்தது. ஏறி அமர்ந்தும் விட்டேன்.

ஓட்டுநர் ரவி கண்ணாடியில் பார்த்தார். "என்னக்கா, மேனேஜர் கத்துறது தாங்காம வேலைய விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"ஆம், விட்டுவிட்டேன்" என்றேன், அமர்ந்தபடியே.

பேருந்தே சிரித்தது.

இன்று புது வேலையில் முதல் நாள் என்று சொன்னதும், ரவி வழியிலிருந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தருகே இறக்கிவிட்டார். "ஓடுங்கக்கா, முதல் நாளே லேட்டாயிடும். இனிமே நீங்க கை காட்டினாலும் நிறுத்த மாட்டேன் லா!"

உரிய நேரத்தில் பணியில் சேர்ந்துவிட்டேன்.

இத்துணை அன்போடு எவரேனும் உங்களை ஏற்ற மறுத்ததுண்டா, நண்பர்களே?