மாமனாரும் கதீட்ரல் பெட்டியும்

என் மாமனார் என்னோடு பேசுவதில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போனால் அவரே வந்து கதவைத் திறப்பார். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிடுவார். மீன் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து எனக்கு எடுத்து வைக்கச் சொல்வார். ஆனால் எதையும் என்னிடம் சொல்லமாட்டார், என் மனைவியிடம்தான் சொல்வார்.

"மகள், அவரிட்ட கேளுங்க, ஃபேன் போதுமா எண்டு."

நான் அதே சோஃபாவில், அவர் முழங்கை என் முழங்கையில் முட்ட உட்கார்ந்திருப்பேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா கேக்கிறார், ஃபேன் போதுமா?" என்பாள். நான் போதும் என்பேன். "போதுமாம் அப்பா" என்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொள்வார்.

நான் வெள்ளவத்தைச் சைவ சமயக்காரன். அவள் கத்தோலிக்கப் பெண். நாங்கள் பதிவுத் திருமணம் செய்த அன்று அவர், "அந்தாளோட நான் ஒரு வார்த்தை கதைக்கமாட்டன்" என்று சொல்லியிருக்கிறார். கோபம் அடுத்த நத்தார்ப் பண்டிகைக்குள் ஆறிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான், அதை எப்படி விடுவது என்று மனிதருக்குத் தெரியவில்லை. ஒரு தடவை மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் நாங்கள் இரண்டு பேரும் தனியாக மாட்டிக்கொண்டோம். அவர் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு வீட்டுப் பூனையைப் பார்த்து, "தேத்தண்ணி ஊத்தினா குடிப்பாரோ தெரியாது" என்றார். நானும் பூனையைப் பார்த்து, "குடிப்பார்" என்றேன். பூனை எழும்பிப் போய்விட்டது. தேநீர் வந்தது.

சிரித்துச் சிரித்து இதை நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது குத்தும். அவர் எனக்கென்று ஒரு சொல் சொல்லவேண்டும், திட்டினாலும் பரவாயில்லை, என்னைப் பார்த்துத் திட்டவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

போன வருடம் அதற்கு ஒரு வழி திறந்தது. மாமனார் தங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துகிறவர். குழுவில் கிட்டார் வாசித்த பையன் வெளிநாடு போய்விட்டான். திருவிழாப் பூசை வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்தபடி, அவர் சொன்னார்:

"மகள், அவரிட்ட சொல்லுங்க, ஏலுமெண்டா திருவிழாவுக்குக் கிட்டார் வாசிக்கச் சொல்லி."

எனக்குப் புரையேறிவிட்டது. நான் வேலைக்குப் போகும் மனிதன், இசைக்கலைஞன் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் அதை ஒரு வியாதியைப் பொறுப்பதுபோலப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த வியாதிக்கு வேலை வந்துவிட்டது.

அன்றிரவே என் எஃபெக்ட் பெடல்களை எடுத்துத் துடைத்தேன். வெறும் கிட்டார்ச் சத்தத்தைத் தடிப்பாக்கவும், நீட்டவும், எதிரொலிக்கவைக்கவும் உதவும் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் அவை. தரையில் வைத்துக் காலால் மிதித்தால் வேலை செய்யும். மனைவி வந்து பார்த்துவிட்டு நின்றாள்.

"இத என்ன செய்வீங்க?"

"மிதிக்கிறது."

"பூசை நேரம், பீடத்துக்கு முன்னுக்கு நிண்டு, காலால?"

அவள் கேட்டது நியாயம். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட நானே இத்தனை வருடமாக ஒரு வாத்தியத்தின் பாகத்தைக் காலால் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். யோசித்ததே இல்லை. மாமனார் மட்டும் அதைக் கண்டால் பூனையிடம்கூட என்னைப் பற்றிப் பேசமாட்டார்.

ஆகவே ரேக் யூனிட் என்று முடிவானது. அது பழைய டிவிடி பிளேயர் மாதிரி ஒரு தட்டைப் பெட்டி. முகப்பில் திருகுகள் இருக்கும், எல்லாம் கையால் திருப்புவது. எனக்கு வேண்டியது ரிவெர்ப்: ஒரு சின்ன அறையில் வாசித்தாலும் பெரிய மண்டபத்தில் வாசித்ததுபோல் சத்தத்தை விரித்துக் காட்டும் வேலை. உண்மையைச் சொன்னால், ரேக் வாங்க ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இளம் வயதில் வீடியோக்களில் பெரிய கிட்டார்க்காரர்களுக்குப் பின்னால் குளிர்சாதனப்பெட்டி உயரத்துக்கு இந்தப் பெட்டிகள் பச்சையும் சிவப்புமாக மினுங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான்.

மருதானையில் ஜப்பானிலிருந்து வரும் பழைய மின்சாதனங்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. கிட்டாரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மாளிகாவத்தை ஆள், 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கி' ஆகும். என் கிட்டாரைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார். கேசட் டெக்குகளுக்கும் சோறு சமைக்கும் குக்கர்களுக்கும் நடுவிலிருந்து மூன்று பெட்டிகளை இழுத்தெடுத்துத் தூசு தட்டினார்.

"எல்லாம் ஈக்கி சேர். எது வேணுமோ எடுங்க."

"இது என்ன செய்யும்?" என்று முதலாவதைக் காட்டினேன்.

"அது நல்ல சாமான்."

"இது?"

"இது அதவிட நல்ல சாமான்."

அதற்குமேல் அவருக்கு எதுவும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டதால் குறையில்லை. முதலாவது பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான சத்தங்கள் இருந்தன, ஆனால் சின்னத் திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. பூசை நடுவில் எதையாவது அழுத்தப்போய் விண்கலம் இறங்கும் சத்தம் வந்தால் என் கதி என்ன? அதை ஒதுக்கினேன். இரண்டாவது எளிமையான பெட்டி: நான்கு திருகு, அறை, மண்டபம் என்று சில தெரிவுகள். ஒழுங்கான மனிதன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

மூன்றாவதில் கதீட்ரல் என்று ஒரு தெரிவு இருந்தது.

பேராலயம். நான் வாசிக்கப்போவது தேவாலயத்தில். பெட்டியே கதீட்ரல் என்கிறது. இதைவிடப் பொருத்தம் சாதகத்தில்கூடப் பார்க்கமுடியாது. கடையிலேயே கிட்டாரைப் பொருத்தி ஒரு கோர்ட் அடித்தேன், ஆறு தந்தியும் ஒரே தட்டில். வெளியே பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், ஒலிபெருக்கிக்காரன் லொத்தர்ச் சீட்டு விற்றான், ரயில் ஒன்று கிளம்பியது. எதிரொலி எங்கே போய் முடிகிறது என்றே கேட்கவில்லை. திருகைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அப்போதுதான் கொஞ்சம் கேட்டது.

மனைவி குக்கர் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கட சேர்ச்சில அப்பா இருமினாலே ரெண்டு தரம் கேக்கும். இதுவும் வேணுமா?"

"அது வேற, இது வேற" என்றேன். என்ன வேற என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு வாய்க்கு வராத பதிலே இல்லை.

ஜப்பான் சாமானுக்கு நம் மின்சாரம் கூடிப்போகும் என்பதால் ஒரு டிரான்ஸ்போமரும் சேர்ந்து வந்தது. அம்மிக்கல் பாரம். திரீவீலில் அதை மனைவியின் மடியில் வைத்தேன். வெள்ளவத்தை வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. அப்பாவுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

ஒத்திகைகள் எல்லாம் தேவாலயத்தை அடுத்த பங்கு மண்டபத்துப் பின்னறையில் நடந்தன. தாழ்ந்த கூரை, தடித்த திரைச்சீலை, மூலையில் அடுக்கிய பழைய மெத்தைக் கதிரைகள். எந்தச் சத்தமும் அங்கே விழுந்த இடத்திலேயே செத்துப்போகும். அந்த அறைக்குள் என் கதீட்ரல் விரித்த சத்தம் இருக்கிறதே! கிட்டாரைத் தொட்டால் போதும், பனிபோல் படர்ந்தது. கிட்டாரின் சொந்தச் சத்தம் அம்ப்ளிஃபயருக்கு நேராகப் போகவும், பெட்டி எதிரொலியை மட்டும் கொண்டுவந்து அதோடு கலக்கவும் வயர் போட்டிருந்தேன். எல்லாம் திட்டமிட்ட வேலை. மாமனார் கைகளால் தாளம் காட்டியபடி என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மனைவியிடம், "அவரிட்ட சொல்லுங்க, நல்லா இருக்கு எண்டு" என்றார். அவளும் பாடகர் குழுவில்தான் நின்றாள், சொன்னாள். எனக்குக் காதுவரை சூடேறியது.

திருவிழாக் காலையில் சிங்களப் பூசை முடிந்து சனம் வெளியேற, அடுத்த கணமே தமிழ்ப் பூசைக்குச் சனம் உள்ளே வந்தது. அங்கே வைத்து வாசித்துப் பார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. பாடகர் குழு நிற்கும் இடத்தில் கம்பளம் விரித்திருந்ததால் எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தோம். பெட்டியைத் தரையில் வைப்பது மரியாதையில்லை என்று ஒரு குட்டைப் பலகையின்மேல் ஏற்றி, எனக்கும் மாமனாருக்கும் நடுவில் வைத்தேன். தலையை நிமிர்த்தினேன். கூரை எங்கோ மேலே இருந்தது. இருமலை இரண்டு தரம் சொல்லும் சுவர்கள் நாலு பக்கமும் காத்துக்கொண்டிருந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வருகைப் பாடலின் முதல் கோர்டை அடித்தேன்.

அது போனது. போய்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. பெட்டி அதற்குள் தன் பங்குக்கு ஒரு பேராலயத்தைக் கட்டி முடித்திருந்தது. உண்மையான தேவாலயத்துக்குள் பொய்யான பேராலயம், இரண்டும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. இரண்டாவது கோர்ட் அடித்தபோது முதலாவது இன்னும் வெளியேறவில்லை. மூன்றாவதோடு மூன்றும் சேர்ந்து கூரைக்குக் கீழே சுற்றின. பாடகர்கள் எதைக் கேட்டுப் பாடுவது என்று தெரியாமல் எதிரொலியைப் பிடித்துப் பாட, சனம் அவர்களைப் பிடித்துப் பாட, பாட்டு இழுபட்டு இழுபட்டுப் போனது. குருவானவர் பீடத்துக்கு வந்து கைகளை விரித்து நின்றார். பாட்டு முடிந்தும் அவர் வாய் திறக்கவில்லை. என் கடைசிக் கோர்ட் முடியட்டும் என்று காத்திருந்தார். பொறுமையான மனிதர்.

காணிக்கைப் பாடலில்தான் நிலைமை முற்றியது. குழுவில் தபேலாவும் என் கிட்டாரும் மட்டும்தான். நான் நிறுத்தினால் பாட்டு விழுந்துவிடும். பெட்டியின் திருகைக் குறைக்க வேண்டும், ஆனால் இரண்டு கையும் கிட்டாரில். ஒரு பெடலாக இருந்திருந்தால் ஒரு மிதி, விஷயம் முடிந்திருக்கும். கையால் இயக்குகிற சாமானை மரியாதைக்காக வாங்கிவிட்டுக் கை இல்லாமல் நின்றேன். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. மாமனார் இரண்டு கையாலும் தாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, என் பக்கம் திரும்பினார்.

"ஐசே! நிப்பாட்டும் அத!"

அவர் நின்றது மைக்குக்கு முன்னால். தேவாலயம் முழுக்கக் கேட்டது. சுவர்கள் அதையும் இரண்டாம் தரம் சொல்லின.

நான் நிறுத்தவில்லை. கை தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க, நான் அவரையே பார்த்தேன். ஐசே என்றார், ஆம்பிளைகள் ஒருத்தரையொருத்தர் கூப்பிடும் அந்த ஐசே. நிப்பாட்டும் என்றார். மகள் என்று தொடங்கவில்லை, அவரிட்ட சொல்லுங்க என்று முடிக்கவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்து, எனக்கே எனக்கென்று சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மனைவி பாடுவதை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சிலையாக நிற்பதைக் கண்டு, அந்த மனிதர் தாளம் போடும் கையை இறக்காமலே வலது காலைத் தூக்கினார். பெருவிரலால் பெட்டியின் சுவிட்சில் ஓங்கி ஒரு அழுத்து. பச்சை விளக்கு அணைந்தது. கிட்டார் தன் சொந்தக் குரலில், சின்னதாக, சுத்தமாகக் கேட்டது. மிச்சத்தைச் சுவர்கள் பார்த்துக்கொண்டன. பாட்டு நிமிர்ந்து தன் நடைக்கு வந்தது.

பூசைக்குப் பிறகு மாமனார் வீட்டில் சாப்பாடு. நான் கறியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையில் தவறி வந்த சொல் அது, இனி மறுபடியும் பூனையும் மகளும்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மாமனார் கோழித் துண்டொன்றை எடுத்து என் தட்டில் போட்டார். தொண்டையைச் செருமினார். மனைவி பழக்கதோஷத்தில் கரண்டியை வைத்துவிட்டுத் தயாரானாள்.

"ஐசே" என்றார், என்னைப் பார்த்து. "அடுத்த முறைக்குக் காலால மிதிக்கிற சாமான் ஒண்டு வாங்கும்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்பா சொல்றார், அடுத்த முறைக்கு..."

"எனக்குக் கேட்டது" என்றேன்.