காலருக்கு ‘நான்’, கைப்பட்டிக்கு ‘நீ’

காலருக்கு ‘நான்’. கைப்பட்டிக்கு ‘நீ’. தோளுக்கு ‘அவன்’. இஸ்திரிப் பெட்டி சட்டையில் நகர நகர, இஸ்திரிக்கடை அக்கா ஸ்பானிய வினைச்சொல்லை முணுமுணுக்கிறார்: “கோமீயா, கோமீயாஸ், கோமீயா...” முன்பெல்லாம் வழக்கமாகச் சாப்பிட்டுவந்ததைச் சொல்லும் இறந்தகாலம் அது. காலரில்லாத பனியன் வந்தால் தடுமாறிவிடுவார். “இதுல ‘நான்’ எங்க நிக்கிறது, டீச்சரம்மா?”

டீச்சரம்மா நான்தான். இரண்டு மொழிகளில் படித்து, இரண்டிலும் வாய் திறக்காமல் இருக்கக் கற்றவள். ஸ்பானிய மொழி புத்தகத்திலிருந்து வந்தது; அதைப் பேசும் ஒருவரிடமும் வணக்கம்கூடச் சொன்னதில்லை. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

வாடிக்கையாளர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் கறைகள். “மைக்கறை சாயந்தரம் வருவாரு. டீக்கறைய நாளைக்கு வரச்சொல்லு.” எனக்கு என்ன பெயர் என்று கேட்கத் தைரியம் வந்ததில்லை.

“நாம ‘அப்பெல்லாம்’னு ஒரு வார்த்தையப் போட்டா வேலை முடிஞ்சுது. இவங்க எதுக்கு ஆளுக்கு ஆள் வார்த்தையோட வாலை மாத்துறாங்க?” என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் விடவில்லை. தூரதேசத்தில் ஸ்பானியம் பேசும் மருமகளுக்கு எட்டாம் மாதம். “நீ வந்து என்னம்மா பண்ணப் போற? எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை பேச முடியுமா உன்னால?” என்று மகன் அக்காவின் பயணத்தை ரத்து செய்துவிட்டான். மறுநாளே நான் அமர்த்தப்பட்டேன்.

சம்பந்தியம்மாவோடு பேசிக்காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று. ‘என் மகன் சிறுவயதில் தினமும் நிறையப் படிப்பான்; பெரியவர்கள் சொல் கேட்பான்.’ பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தேன். படித்துப் பார்த்து, “இது யார் வீட்டுப் பிள்ளைடி?” என்றார்.

மடித்த சட்டைகளின் மேல் போனைச் சாய்த்தோம். சம்பந்தியம்மா தோன்றியதும் பேச்சு மடை திறந்தது. நான் தலையாட்டினேன். ஏதோ கேட்டார், அதற்கும் தலையாட்டினேன். மறுபடி கேட்டார். தலையாட்டித் தப்பிக்கக்கூடிய கேள்வி இல்லை போலிருக்கிறது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, தன் வயிற்றைத் தட்டி முழங்கினார்: “யோ கோமீயா தீசா!”

மகன் வயிற்றில் இருந்தபோது சாக்பீஸ் தின்பாராம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் வெடித்துக் கிளம்பியது சிரிப்பு. சம்பந்தியம்மா பூந்தொட்டி ஒன்றை இழுத்துவந்து, மண்ணைக் கிள்ளி வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். அவர் பின்னால் மருமகள் எதையோ மென்றபடி கையை மறைத்தாள். பிறகு சுவர்ச் சுண்ணாம்பு, பல்பொடி, அடுப்புக்கரி என்று இருவரும் போட்டி போட்டார்கள்.

“அம்மா, என்னம்மா சொல்லிட்டிருக்க?” மகனின் குரல்.

“உனக்கெதுக்குடா? நாங்க சம்பந்திங்க பேசிக்கிறோம்.”

கடைசியில் சம்பந்தியம்மா நிதானமாக ஒன்று கேட்டார். அது எனக்குப் புரிந்துவிட்டது! “எப்ப வர்றீங்கன்னு கேக்குறாங்கக்கா” என்றேன் பெருமையாக.

“அது எனக்கே புரிஞ்சுது” என்றார் அக்கா.

பக்கத்திலிருந்த புதுச் சட்டைக்குள்ளிருந்து அட்டையை உருவினார். ‘கடை விடுமுறை’ என்று பெரிதாக எழுதி, தேதிக்கு இடம் விட்டு, காத்திருந்த மூன்று வாடிக்கையாளர்களின் கண்ணெதிரே வாசலில் மாட்டினார்.