அத்தான் சுத்தியல் வாங்குகிறார்

கடையில் நாலாவது சுத்தியலையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார் அத்தான். "வார்னிஷ் வாசம் தூக்கலா இருக்கு மாப்ளே. எதையோ மறைக்கிறான்."

மறைக்க அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார். அது இன்னும் நேரம் பிடிக்கும்.

என் அக்காவின் வீட்டுக்காரர். வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவர். டெஸ்டரைக் காதில் செருகியிருப்பார். மின்சாரத்துக்கு மட்டும்தான் மரியாதை. "அவர் இருக்காரான்னு பாரு," என்பார் ஸ்விட்சைக் காட்டி. மற்ற எல்லாருக்கும் ஒருமைதான். எனக்கும், கடைக்காரருக்கும், வேலை கொடுக்கும் இன்ஜினியருக்கும்.

என் படுக்கையறைச் சுவரில் பைப் பதிக்கப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தவர், காலையில் திடீரென்று ஏணியை விட்டு இறங்கினார். சுத்தியல் பிடியில் மயிரிழை விரிசலாம். எனக்குத் தெரியவில்லை. வெயிலில் காட்டினார்; அப்போதும் தெரியவில்லை. "டேப் சுத்திக்கலாமே அத்தான்" என்றதற்கு, சோற்றில் மண்ணைப் போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாளைக்கு என் மனைவி கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அறையில் விளக்கு இல்லை, ஃபேன் இல்லை. தரையெல்லாம் சிமெண்ட் தூசி.

கடைக்காரர் மேலும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தலையும் பிடியும் ஒரே இரும்பில் செய்தது: "உறுதிதான். ஆனா அடிக்கிற அடியெல்லாம் என் முழங்கைக்கு வரும்." பைபர் பிடி போட்டது: "தலை கனம். ஏணி மேல நின்னு அண்ணாந்து அடிக்கிறவன் நான்." பின்னால் ஆணி பிடுங்கும் கொம்பு உள்ளது: "சந்துல வயரைக் கிழிச்சிடும்." மரப்பிடி ஒன்றில் மர ரேகை குறுக்கே ஓடுகிறது, ஒடிந்துவிடும் என்று தள்ளினார். ரப்பர் உறை போட்டதைக் காட்டி, "இதுல ஷாக் அடிக்காதுண்ணே" என்றார் கடைக்காரர்.

"அவரை நிறுத்தாம எதைப் பிடிச்சாலும் அடிப்பார்." அதுவும் போயிற்று.

"அண்ணே, சுவரைத்தானே தட்டப்போறீங்க? இருதய ஆபரேஷனுக்கா கேக்குறீங்க?"

அத்தான் காதில் அது விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உன் வீட்டுக்காரர் ஒரு சுத்தியலுக்கு உயிரை வாங்குறாருக்கா."

"வாங்கட்டும் விடு."

எரிச்சல் தலைக்கேறியது. நீயுமா என்று கத்தியே விட்டேன்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தோள்பட்டை உடைஞ்சதுன்னு சொன்னேன்ல? வழுக்கலடா. அவர் ஏறியிருந்த ஏணியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நின்னேன். சுத்தியல் தலை கழண்டு மேல விழுந்துடுச்சு. கொஞ்சம் தள்ளியிருந்தா மண்டை. நீங்கல்லாம் அவரைத் திட்டுவீங்கன்னு நான்தான் சொல்ல வேணாம்னுட்டேன்."

உள்ளே திரும்பினேன். அத்தான் இன்னொரு சுத்தியலில், தலையும் பிடியும் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இனி அவரைத் திட்டவும் வழியில்லை. அதற்காக எரிச்சல் அடங்கிவிடுமா?

கடைசியில் ஒன்று தேறியது. மரப்பிடி, ரேகை நெடுக ஓடியது, தலைக்குள் ஆப்பு இறுகியிருந்தது, எடை அளவோடு இருந்தது. கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றிய வேகத்தைப் பார்க்க வேண்டும். மனம் மாறிவிடுமோ என்ற பயம்.

வீட்டுக்கு வந்தால், அறையைக் கூட்ட அக்கா வந்திருந்தாள். அத்தான் ஏணியை விரித்ததும் வழக்கம்போல் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தள்ளி நில்லு."

"ஏணி ஆடும்."

"தள்ளி நில்லுங்கறேன்ல!"

"நான் பிடிச்சுக்கிறேன்க்கா" என்றேன்.

"நீ போன் வந்தா அப்படியே விட்டுட்டுப் போயிடுவ. ஏறுங்க நீங்க, பொழுது போகுது."

அத்தான் ஏறவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். இன்னொரு சுத்தியல் வாங்கத்தான் கிளம்பிவிட்டாரோ என்று எனக்குப் பகீரென்றது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட் இருந்தது. அதை அக்காவின் தலையில் கவிழ்த்தார்.

"ஏங்க, என்னங்க கூத்து இது? தம்பி சிரிக்கிறான் பாருங்க."

அத்தான் ஒற்றை விரலால் அவள் தாடையை லேசாக உயர்த்தி, வாரைக் கொக்கியில் மாட்டினார்.