காதில் வைக்காத பஞ்சு

பம்பாயில் அப்பா வேலை பார்த்த மில் இருந்த இடத்தில் இன்று ஒரு மால் நிற்கிறது. அமெரிக்காவிலோ அந்தக் காலத்து நெசவு மில்லைத் துடைத்துவைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அங்கே வேலையில் இருக்கும் தம்பியைப் பார்க்க நானும் அம்மாவும் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மியூசியத்துக்குக் கூட்டிப்போனான்.

"அப்பாவுக்குக் கூலி குடுத்துக் கேக்க வச்ச சத்தத்தை நாம துட்டு குடுத்துக் கேக்கணுமாடா?" என்றேன்.

அம்மா மட்டும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா காலமெல்லாம் மில்லில் நின்றாரே தவிர, அவள் அதன் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை.

தறிகளின் இரைச்சல் அப்பாவின் காதைத் தின்றுவிட்டது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் ஒற்றை அறையில், அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வாயசைத்துத்தான் பேசுவோம். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார். அம்மாவுக்குத்தான் ஆறவே ஆறாது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு திட்டுவாள்: "பஞ்சுக்குள்ளயே கெடக்குத மனுசனுக்குக் காதுல வைக்க ஒரு துண்டுப் பஞ்சு கெடைக்கலையாக்கும்! பொழைக்கத் தெரியாத ஆளு."

மியூசியத்தில் தறிகள் இருந்த கூடத்துக்குள் நுழையுமுன், காதில் செருகிக்கொள்ள மெத்தென்ற இரண்டு துண்டுகள் கொடுத்தார்கள். சுற்றிக்காட்டிய பெண் சொன்னதைத் தம்பி தமிழில் சொன்னான்: "அந்தக் காலத்துல நெய்யிறவங்க நிறைய பேரு காதை அடைச்சுக்க மாட்டாங்களாம். தறி தப்பா ஓடுனா சத்தத்துலதான் தெரியுமாம்."

அம்மா கையிலிருந்த துண்டுகளையே பார்த்தாள். காதில் வைக்கவில்லை.

தறிகள் ஓடத் தொடங்கின. தரை அதிர்ந்தது. கூட வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பார்த்து, கேட்காமல் சிரித்தார்கள். அம்மா என் தோளைத் தொட்டாள். முகத்துக்கு நேரே வாயசைத்தாள்.

"ஏட்டி, நான் திட்டுனது ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா? அடுப்பப் பாத்துதான திட்டுனேன்."

ஒரு சொல் தப்பாமல் புரிந்தது.

"தெரிஞ்சிருக்காதும்மா" என்று வாயசைத்தேன்.

தலையாட்டிவிட்டு, தறிகளைப் பார்த்தபடி நின்றாள். எங்கள் அடுப்படிச் சுவரில்தான் அப்பா சவரம் செய்யும் கண்ணாடி தொங்கியது. அவள் திட்டும்போதெல்லாம் அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.