கிளவுஸ் அக்காவின் ஆள்காட்டி விரல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கிளவுஸ் அக்கா என்றால் வாசல் காவலாளிகூடக் கைகாட்டுவார். பதினோரு வருஷமாக அங்கே டெக்னீஷியன். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவுக்கு ஓர் எஃகுப் பாத்திரம். அதற்குள்ளிருந்து காற்றையும் ஈரத்தையும் பொட்டு விடாமல் உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் அவள் உத்தியோகம். வெறுங்கையோடு யாராவது அதன் பக்கம் போனால் தீர்ந்தது. விரல் ரேகை வியர்வை ஒன்று போதும், மாதக்கணக்கில் ஈரம் கசியும் என்று பிடித்துக்கொள்வாள். ஒருமுறை இயக்குநரையே கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டாள். அவரும் நின்றார், வேறு வழி?

இத்தனை கெடுபிடியும் எதற்கென்றால், அந்தப் பாத்திரத்துக்குள் தண்ணீர் உண்டாக்குவதற்கு. சிரிக்க வேண்டாம். சூரியனும் கோள்களும் பிறக்கும் முன்னால் இருந்தது வாயுவும் தூசும் கலந்த ஒரு மேகம்தான். அந்தக் கடுங்குளிரில் தூசுத் துகள்மேல் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வந்து ஒட்டி, சேர்ந்து, தண்ணீராகிப் பனியாய் உறைந்தன. பிறகு தூசு திரண்டு கோள்களானபோது அந்தப் பனியும் கூடவே போயிற்று. அதையே ஒரு சின்னத் தகட்டில் தூசைப் பூசி, கடுங்குளிரில் வைத்து, அந்த இரண்டு வாயுவையும் உள்ளே செலுத்தி, நடத்திக்காட்ட ஓர் ஆய்வு மாணவி மூன்று வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வை முடிக்க அவளுக்கு மிச்சமிருந்தது இரண்டே மாதம்.

அக்காவின் மாமியாருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "குழாயத் திறந்தா வருது. அதுக்குப் போய் பதினோரு வருஷமா?" என்றார். சரி, எவ்வளவுதான் வரும் என்று விசாரித்தார். கண்ணுக்கே தெரியாது என்று மருமகள் சொன்னதும், இனிப் பேசிப் பயனில்லை என்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தகட்டைச் சூடாக்கி, அதிலிருந்து கிளம்புவதை எடைபோடும் கருவியில் பார்த்தார்கள். பதினெட்டாம் எண்ணுக்கு நேரே கோடு ஜிவ்வென்று ஏறியது. பதினெட்டு என்றால் தண்ணீர் மூலக்கூறின் எடை. மாணவி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். இயக்குநர் கேக் வாங்க ஆளனுப்பினார், நாலு இடத்துக்கு போன் போட்டுச் சொல்லியும்விட்டார். கிளவுஸ் அக்கா மட்டும் பேயறைந்தாற்போல் நின்றாள். ஏறின ஏற்றம் அதிகம். அது தூசு தருகிற தண்ணீரில்லை, வியர்வை தருகிற தண்ணீர்.

யாருடைய வியர்வை என்பதும் அவளுக்குத் தெரியும். போன வாரம் தகட்டை மாட்டும்போது ஒரு திருகு பின்னால் விழுந்து, கிளவுஸ் போட்ட விரலுக்கு அகப்படாமல் ஆட்டம் காட்டியது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. வலது கிளவுஸைக் கழற்றினாள், திருகை எடுத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். ஆள்காட்டி விரல் தகட்டின் ஓரத்தில் பட்டது அப்போதே தெரியும். ஒரு நொடிதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் தோலை உரித்திருப்பாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கேக் கிடைக்கும், பதினோரு வருஷ மரியாதையும் மிஞ்சும். ஆனால் வேறெங்கோ ஒருவர் இதைச் செய்துபார்த்து எல்லாம் பொய்யென்று சொல்கிற நாளில், மானம் போவது அந்தப் பெண்ணுக்கு. இயக்குநர் கேக்கில் கத்தி வைக்கிற நேரத்தில் அக்கா முன்னால் போய் நின்றாள்.

"அது என் விரல், சார். வெறுங்கையால தொட்டுட்டேன்."

இயக்குநர் கத்தியைக் கீழே வைத்தார். கேக் மூடிபோட்டு ஃபிரிட்ஜுக்குப் போயிற்று. மாணவி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அதுதான் அக்காவுக்கு வலித்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் மாணவி வீங்கிய முகத்தோடு வந்தாள். எடை இரட்டிப்பான ஒரு ஹைட்ரஜன் உண்டு, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதை உள்ளே செலுத்தி இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். "உங்க விரல் தண்ணி பதினெட்டுலதான் நிக்கும், அக்கா. தூசு மேல உண்டாறதுல கனமான ஹைட்ரஜன் ரெண்டு இருக்கும், அது மட்டும்தான் இருபதுல ஏறும்." முதலிலேயே அப்படிச் செய்யாதது தன் அவசரம் என்பதையும் ஒப்புக்கொண்டாள்.

மூன்று வாரம் அக்கா பாத்திரத்தைத் தேய்த்தாள், காயவைத்தாள், புதுத் தகடு மாட்டினாள். கைக்கு இரண்டு கிளவுஸ். வீட்டில் சாப்பிடும்போதுகூட விரலைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

சூடேற்றிய அன்று இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். பதினெட்டில் கோடு தரையோடு கிடந்தது. இருபதிலும் கிடந்தது. அரை மணி நேரம் அக்கா மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டாள். பிறகு இருபதுக்கு நேரே கோடு லேசாக முதுகைத் தூக்கியது. போன தடவை ஏறினதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் ஏறியது. மாணவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நிஜம், அக்கா," என்றாள்.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை உதறிவிட்டு வெளியே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதாள். திரும்பினால், கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணவியும் பாத்திரத்தின்மேல் சாய்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அக்கா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அழறதுன்னா வெளிய வந்து அழு."