தோழிக்கு அட்டை இல்லை

இன்று வெள்ளிக்கிழமை அம்மனைக் கும்பிட்டு, பிரசங்கமும் கேட்டுவிட்டுத் தேக்காக் கடைத்தெருப் பக்கம் வந்தேன். ஒரு கடையில் சாமி படத்துக்கு லேமினேட் போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அந்தச் சூடான பிளாஸ்டிக் வாடையில் என்ன ஞாபகம் வருமோ, எனக்கு என் மகளின் இலக்கிய டியூஷன்தான் வந்து நிற்கும்.

துணிக்கடை மாடியில் ஒரு சார் நடத்தினார். பழைய காவியத்தில் வரும் ஒவ்வொருவருக்கும் லேமினேட் போட்ட ஓர் அட்டை. அரசனா? வீரம், கொடை, நேர்மை. அரசியா? பொறுமை, தியாகம், பொறுமை. ஆமாம், இரண்டு தடவை. பொம்பளைக்குக் கூடுதலாக வேண்டும்போல. நான் அதிகம் படிக்காதவள். அட்டைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்து வாங்கிவந்தேன். அரசன்மேல் குங்குமம் கொட்டிவிட்டது. துடைத்தால் போய்விட்டது, லேமினேட்டில் அது ஒரு சௌகரியம்.

மகளுக்கு அந்தக் கதைமேல் உயிர். அடுத்த வருடம் பள்ளியில் இலக்கியம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சார் எங்கிருந்தோ ஒரு மாதிரித் தேர்வுத்தாளை வாங்கி, படித்துப் பார்க்காமலே கொடுத்தார். அரசியோடு அரண்மனையை விட்டுக் கிளம்பிய தோழியின் பண்புநலன் என்ன என்று கேள்வி. தோழிக்கு அட்டை இல்லை. பிள்ளைகள் எல்லோரும் அரசியின் பொறுமையை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். இவள் மட்டும், "தோழிக்கும் ஒரு வீடு இருக்கும். அவள் எப்போது திரும்பிப் போவாள் என்று கதையில் யாருமே கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாள்.

"கதையில இல்லாததுக்கு எப்படிம்மா மார்க் போடறது?"

"அரசிக்கு ரெண்டு பொறுமை போட்டீங்களே சார்!"

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. படிக்கட்டில் காத்திருந்த என்னிடம் வந்தார். "அக்கா, இவளுக்கு லிட்ரேச்சர் சரிவராது லா. ரொம்ப யோசிக்குது. அக்கவுண்ட்ஸ் எடுக்கச் சொல்லுங்க."

பிடோக்கில் எங்கள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், "நான் எழுதுனது தப்பாம்மா?" என்றாள்.

"எனக்குப் பிடிச்சிருக்குடி."

"உங்களுக்குப் பிடிச்சா மார்க் வருமா?"

அக்கவுண்ட்ஸே எடுத்தாள்.

அந்த மாடியில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். சார் பொங்கோல் பக்கம் வீடு விற்கும் ஏஜெண்ட் ஆகிவிட்டார். அவருடைய விளம்பரத் தாள் எங்கள் தபால் பெட்டிக்கும் வந்தது: அமைதி, காற்றோட்டம், அமைதி.

இன்றைய பிரசங்கமும் அதே கதைதான். லேமினேட் கடை வாசலிலிருந்தே மகளுக்கு போன் போட்டேன். "தோழி வீட்டுக்குப் போனாளான்னு இன்னிக்கும் யாரும் சொல்லலடி."

முன்பெல்லாம் இப்படி ஒன்றைச் சொன்னால், தூங்கவிடாமல் கேள்வி கேட்பாள்.

"ஓகேம்மா. மீட்டிங்ல இருக்கேன்."

இந்தப் பதிலைச் சார் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.